பன்னிரண்டு பேர் முன்னால் ஒரு மன்னிப்பு

பன்னிரண்டு பேர் பார்க்க என்னை மன்னிப்புக் கேட்க வைத்தார் ஊமையண்ணன். ஒன்பது வருஷம் அதை நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கினேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எங்கள் துவைப்புப் பிரிவுக்கு அவர் மேலாளர். குரலை உயர்த்தவே மாட்டார், அதனால் ஊமையண்ணன். சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பிரிவு. அதன் மேலாளர் வாயைத் திறந்தால் மிஷின் சத்தமே அடங்கிப்போகும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இடி.

எங்களிடம் ஒரு வழக்கம். மிஷினிலிருந்து துணியை எடுக்கிறவன் தள்ளுவண்டியில் சாக்பீஸால் தன் குறியைப் போடவேண்டும். என்னுடையது பெருக்கல் குறி. துணி ஈரமாகப் போனால் வண்டி அதே குறியோடு திரும்பி வரும். பின்னாலேயே இடியும் வருவார்.

அன்றைக்கு அவரேதான் ஆபரேஷன் அறைக்கு அவசரம் என்று நெருக்கினார். பாதிச் சுற்றில் மிஷினை நிறுத்தி எடுத்துக் கொடுத்தேன். அரைமணியில் வண்டி திரும்பியது, பின்னாலேயே இடி.

"துணியைக் குடுத்தியா, குளத்தைக் குடுத்தியா? கண்ணு எதுக்கு வெச்சிருக்க, அழகுக்கா?"

"அவசரம்னு சொன்னது யாரு? உங்க வாய்தானே?" என்று ஈரப் படுக்கைவிரிப்பை எடுத்து வீசினேன். அவர் மார்பில் போய் ஒட்டிக்கொண்டது.

என்னை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிவிட்டார் இடி. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாசம். ஊமையண்ணன் இடியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்:

"போய் மன்னிப்புக் கேளு."

"தப்பு அவரோடதுண்ணே."

"தெரியும். கேளு."

கேட்டேன். அன்றோடு 'அண்ணே' போயிற்று. 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஊமையண்ணனுக்கு வரவேண்டிய மொத்தக் கூடத்தின் தலைமைப் பதவி இடிக்குப் போனது. இவருக்கு நல்லா வேணும் என்று நினைத்தேன், பாவி நான்.

ஊமையண்ணன் ஓய்வுபெற்ற ஆறாம் மாசம் ஈரலில் கட்டி. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுக்கை. பார்க்கப் போனபோது அண்ணி என்னை வராந்தாவில் நிறுத்தினார்.

"அன்னைக்கு வண்டியில இருந்த உங்க குறியை அழிச்சிட்டு, ஈரத்தோட அனுப்பச் சொன்னது நான்தான்னு எழுதிக் குடுத்துட்டாரு. நீங்க மன்னிப்புக் கேட்டது விரிப்பை வீசினதுக்கு மட்டும்தான். அந்த எழுத்தாலதான் பதவி போச்சு. 'அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

உள்ளே போய்க் கால்மாட்டில் நின்றேன். பழக்கதோஷம், விரிப்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

"என்ன, இன்னும் சார்தானா?" என்றார்.

"இல்லண்ணே."

"ஒரு வேலை இருக்கு. நான் போனதும் இடிகிட்ட சேதியை நீ நேர்ல போய்ச் சொல்லு. போன்ல வேணாம்."

"நானா? அந்த ஆளுகிட்டயா?"

"இருபது வருஷமா சண்டை போட்டிருக்கோம்டா. என்னை விட்டா அவருக்கும் யாரு இருக்கா? மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வருவாரு. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வை. கத்தினா கத்தட்டும். நீ எதையும் தூக்கி வீசாம இரு."