மேல்கண்ணாடி வழியா விழுந்த சாமந்தி

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் நெல் மில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூணு மாடி லாட்ஜ், வேங்கிக்காலில் சொந்த வீடு. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் கட்டினது இத்தனையும். பேங்க்காரர் கையை விரித்தார், சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கட்டிடங்கள் நிற்கின்றன.

கடைசியாக வாங்கினது கூரையில் கண்ணாடி வைத்த கார். பவுசுக்கு இல்லை. முழங்கால் வலி வந்து என் வீட்டம்மாவால் கிரிவலம் நடக்க முடியாமல் போயிற்று. சீட்டைச் சாய்த்துப் படுத்தால் அவளுக்கு மலை தெரியணும், அதுக்குத்தான்.

தெரிந்தது. சாயங்காலங்களில் மெதுவாக ஓட்டுவேன். கண்ணாடிக்கு மேலே புளியங்கிளைகள் நகரும். அப்புறம் மலை வரும், அதன்மேல் மேகம் காயப்போட்ட வேட்டி மாதிரி கிடக்கும். "வண்டி போறதே தெரியலீங்க. மலைதான் நம்மளச் சுத்திக்கினு வருது" என்பாள். நான் வண்டியை இன்னும் மெதுவாக்குவேன். வேகம் கூடினால் கலைந்துவிடும் போல இருக்கும்.

ஐப்பசி மழையில் அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"ஒழுகுற வீட்டுக்குச் சக்கரம் கட்டி வாங்கிட்டு வந்தீங்களா?"

அடுத்த மழையில் சீட்டே ஊறிவிட்டது. மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். மலை மறைந்தது. அவளும் வெளியே வருவதை விட்டுவிட்டாள்.

ஷோரூம் மேனேஜர் கூரையைக் கழற்றிக் காட்டினார். "தண்ணி இறங்குற குழாய்ல பூ அடைச்சிருக்கு சார். நீங்க பூஜை போட்டப்ப விழுந்தது. வாரண்டில வராது."

என் மருமகள் வக்கீல். "சத்தம் போடாதீங்க மாமா. முதல்ல எழுத்துல புகார், அப்புறம் நோட்டீஸ். அதுக்கும் மசியலைன்னா நுகர்வோர் ஆணையம். சரி பண்ணிக் குடு, முடியலைன்னா வண்டிய மாத்திக் குடு, இல்ல பணத்தைத் திருப்பிக் குடுன்னு கேக்கலாம். ஆனா பூவை நாமதான் போட்டோம்னு அவங்க சாதிச்சா, கேஸ் அங்கயே படுத்துடும்" என்றாள்.

அன்றைக்குக் கூடத்தில் சாய்ந்து கிடந்தேன். வெளியே மழை. கண் சொக்கும்போது சுவரில் இருந்த போட்டோ மஞ்சளாக மிதந்து வந்தது. வண்டி எடுத்த நாள் ஷோரூமில் எடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறோம். மேலே கண்ணாடி திறந்திருக்கிறது. சாமந்தி இதழைத் தட்டோடு கவிழ்க்கிறவர் அதே மேனேஜர், கம்பெனிச் சட்டையோடு. பூ விழ விழ என் வீட்டம்மா சிரிக்கிறாள்.

அதை நான் மாட்டினபோது, "சாமி படத்துக்குப் பக்கத்துல கார் படமா? புத்தி கம்மியாயிடுச்சா உங்களுக்கு?" என்று கேட்டவளும் அவள்தான்.

ஆணியோடு பிடுங்கி மருமகளிடம் கொடுத்தேன். மேனேஜர் சட்டையில் இருந்த கம்பெனிப் பேரை விரலால் தொட்டாள். "இது போதும் மாமா."

புகாருக்கும் நோட்டீசுக்கும் அவர்கள் அசையவில்லை. படத்தை வைத்து ஆணையத்தில் மனு போட்ட பிறகு சமாதானத்துக்கு வந்தார்கள். குழாயும் கூரைச் சட்டமும் புதுசாக மாற்றித் தருகிறோம், செலவு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்தார்கள். மாற்றி முடித்ததும் நான் உள்ளே படுத்துக்கொண்டு மேலே பைப்பில் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

அடுத்த மழையில் மலையைச் சுற்றப் போனோம். கண்ணாடியில் மழை வழிந்தது, மலையும் அதோடு கரைந்து வழிந்தது. அவள் கையை நீட்டி உள்பக்கம் தடவிப் பார்த்தாள். விரல் காய்ந்திருந்தது.

இப்போது சொந்தக்காரர்கள் எல்லாரும், "மருமக கெட்டிக்காரி, கேஸ் போட்டு ஜெயிச்சுட்டா" என்கிறார்கள். கெட்டிக்காரிதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் படத்தை எடுக்கச் சொன்னது யார்? பிரேம் போட்டது யார்? திட்டு வாங்கிக்கொண்டே ஆணி அடித்தது யார்? இனிமேல் இதைச் சொல்கிறவர்கள் என் பங்கையும் சேர்த்துச் சொல்லணும். முதலில் சொல்லணும்.