மேற்குப் பக்கக் கண்ணாடி

சேலத்தில் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படித்தபோது, பக்கத்திலுள்ள இளம்பிள்ளை ஊர் நெசவாளர்களுக்காக வீடுகள் வடிவமைத்தேன். சாயங்கால வெயில் உள்ளே வராதபடி மேற்குச் சுவரில் சின்னச் சின்னத் திறப்புகள் மட்டுமே வைத்திருந்தேன். மதிப்பெண் போட வந்த பிரபல ஆர்கிடெக்ட் என் அட்டை மாதிரியைப் பேனாவால் தட்டினார்.

"இது வீடா, குடோனா? நாலு நகரத்தைப் பார்த்துட்டு வாம்மா."

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஆறாத கோபம்.

அடுத்த வைகாசியில் மல்லசமுத்திரத்தில் என் அக்காவின் திருமண வரவேற்பு. மண்டபம் அந்த ஆர்கிடெக்ட் வடிவமைத்தது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெயில் சாயும் நேரத்தில், மாப்பிள்ளை வீட்டு விருந்தாளியாக அவரே வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, கண்ணாடியை ஒட்டிய நாற்காலியில் உட்காரவைத்தேன்.

சற்று நேரத்தில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண் கூசி, கையால் முகத்தை மறைத்தார். அப்பா பதறி என்னிடம் வந்தார்.

"சாமி, சாரை அந்தப் பக்கம் நெழலுக்குக் கூட்டிட்டுப் போ."

"இருக்கட்டுங்கப்பா. சார் ஆசையா வெச்ச கண்ணாடிங்க. வெயிலுக்கு மறைச்சு நான் வரைஞ்ச வீட்டைக் குடோன்னு சொன்னவருங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் மாறியது. எழுந்து, சாப்பிடாமலே காருக்குப் போனார்.

அதன்பிறகு இரண்டு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. விருந்தாளியிடம் அப்படி நடந்துகொண்டது தப்புதான். ஆனாலும் எனக்கு வருத்தம் வரவில்லை. அவருக்குப் பாடம் சொன்னேன் என்றெல்லாம் பெருமை பேச மாட்டேன். பழி தீர்த்தேன். அதற்கு அவர் கட்டிய கட்டடமே போதுமானதாக இருந்தது.