உடைந்த தராசும் சேர்வராயன் உச்சியும்

மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேச முடியாதவனாக நான் இருந்தேன். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் சகோதர சகோதரிகளே. இல்லாவிட்டால் ஆண்டவர் எனக்கு என்ன செய்தார் என்பது உங்களுக்குப் பிடிபடாது.

எழுபத்தெட்டாம் வருஷம். கரடியூர்ப் பக்கம் ஒரு பள்ளத்தில் இருந்த காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் ஜனங்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கற்றதுதான். பெண்கள் மேல்காட்டில் பழம் பறித்து, சாக்கைத் தலையில் வைத்து, சரிவில் இறங்கி என் கொட்டகைக்கு வருவார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எடை பார்த்து நோட்டில் எழுதுவேன். சாக்குக்கும் ஈரத்துக்குமாக மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பது எஸ்டேட் வழக்கம். அதற்காகத் தினமும் என்னைத் திட்டுவார்கள். திட்டுகிறவர்களுக்குத் தலைவி கன்னியம்மாள். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த விவசாயக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"ரைட்டருங்களே, ஒரு கிலோ ஒரு கிலோவா எங்க மூட்டையில கழிச்சதெல்லாம் எங்க போச்சுன்னு இப்பத்தானுங்க தெரியுது" என்று என் வயிற்றைப் பார்த்துச் சொல்வாள். கொட்டகையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தத் தராசில் ஏறி நின்றால் நான் நூற்றுப் பன்னிரண்டு கிலோ.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. எஸ்டேட் ஜீப் போகும் பாதை மண் சரிந்து மூடிவிட்டது. ஒருநாள் காலையில் என் மனைவி எஸ்தர் அடுப்படியில் அப்படியே சுருண்டு விழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். தார் ரோட்டுக்குக் கொண்டுபோய் ஏதாவது வண்டி பிடித்துச் சேலத்துக்குப் போனால்தான் பிழைப்பாள். தார் ரோடு செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஒன்றரை மைல் மேலே இருந்தது. நான்கு ஆட்கள் கம்பளியை மூங்கிலில் கட்டி அவளைப் படுக்க வைத்துத் தூக்கினார்கள். புருஷன் நான் பின்னால் போனேன்.

கால் மைல்கூடப் போகவில்லை. நெஞ்சு அடைத்தது. கண் இருண்டது. பாதை ஓரத்தில் ஒரு அகலமான கல் கிடந்தது, அதில் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க போங்கப்பா, போங்க" என்று கையைக் காட்டினேன். கம்பளிக்குள்ளிருந்து எஸ்தர் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பனிமூட்டம் அவர்களை மறைத்துவிட்டது.

எத்தனையோ பேர் தங்கள் இருண்ட நேரத்தைப் பற்றிச் சொல்வார்கள். என்னுடையது பட்டப்பகலில், ஒரு கல்லின் மேல். மனைவி சாகப் போகிறாளோ என்னவோ, நான் உட்கார்ந்திருந்தேன். "ஆண்டவரே, அவளைக் காப்பாற்றும். எனக்குக் கால் கொடும்" என்று அழுதேன். வேறு வார்த்தை வரவில்லை.

இரண்டு நாள் தகவல் இல்லை. மூன்றாம் நாள் ஒரு லாரி டிரைவர் சொல்லி அனுப்பினார்: குடல்வால் வெடிக்கிற சமயத்தில் ஆபரேஷன் செய்து காப்பாற்றிவிட்டார்களாம். பாதை திறந்ததும் ஜீப்பில் ஓடினேன். டாக்டர் எஸ்தரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடுத்து இந்தக் கட்டிலுக்கு வரப்போறது நீங்கதான். தேதி மட்டும்தான் தெரியல" என்றார்.

வீட்டுக்கு வந்தபின் எஸ்தர் ஒன்று சொன்னாள்.

"ஏனுங்க, கம்பளியில படுத்துக்கிட்டு ஒரு பொருத்தனை பண்ணிட்டனுங்க. நான் பொழைச்சா நாம ரெண்டு பேரும் சேர்வராயன் உச்சிக்கு நடந்தே போயி ஸ்தோத்திரம் பண்றோம்னு."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தான்."

எங்கள் எஸ்டேட்டிலிருந்து உச்சிக்கு ஏழு மைல், அத்தனையும் ஏற்றம். ஷெவராய் மலையில் அதைவிட உயரம் கிடையாது. விஷயம் காதுக்கு எட்டி, மேனேஜர் ஜீப் தருவதாகச் சொன்னார். எஸ்தர் சம்மதிக்கவில்லை. "நடந்து வர்றோம்னுதானுங்க சொன்னேன். ஜீப்பு, ஆண்டவர்கிட்டச் சொல்லாத விசயமுங்க."

அவள் என்னை அவசரப்படுத்தவே இல்லை. ஆனால் ஜெபம் முடியும்போதெல்லாம் அவள் பார்வை ஜன்னல் வழியாக மேலே போகும். நான் ஏறாமல் அவள் பொருத்தனை தீராது. ஆண்டவருக்குக் கொடுத்த வார்த்தை என் உடம்பால் நின்றுபோய்க் கிடந்தது. அது என்னை அரித்தது.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். உபவாச ஜெபம். ஆவிக்கும் ஆயிற்று, உடம்புக்கும் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். வெள்ளிதோறும் பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும். சாயங்காலம் உபவாசம் முடிக்கிற நேரத்தில் சபையார் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்தவர் அல்லவா என்று எல்லாரும் என் இலையைத்தான் பார்த்துப் பரிமாறுவார்கள். மறுக்க எனக்கு மனசு வராது. வீட்டுக்கு வந்தும் பசி தீராமல் இன்னொரு முறை சாப்பிடுவேன். பிறகு புதன்கிழமையையும் சேர்த்துக்கொண்டேன்.

எஸ்தர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "ஏனுங்க, நீங்க உபவாசம் இருக்க ஆரம்பிச்சதுல இருந்து நம்மூட்ல அரிசி ரெண்டு படி கூடப் போகுதுங்க."

தை மாதம், பறிப்பு மும்முரமாக நடந்த ஒரு சனிக்கிழமை, எடை போட்டு முடித்ததும் தராசில் ஏறினேன். பெண்கள் சுற்றி நின்றார்கள். நூற்றுப் பதினேழு. எண்ணை நான் படித்து முடிக்கவும் அடியில் ஏதோ 'டக்' என்று முறியவும் சரியாக இருந்தது. இரும்புப் பலகை ஒரு பக்கம் சாய்ந்து நான் காப்பிப் பழக் குவியலில் விழுந்தேன். துருப்பிடித்த பழைய தராசு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. கன்னியம்மாள் மட்டும் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "தராசு கெடக்குதுங்க. அடி பட்டுதுங்களா?" என்று கேட்டாள்.

எல்லாரும் போனபின் பழ வாசனைக்கு நடுவே முழங்காலிட்டேன். "நான் கேட்டது கால். நீர் கொடுத்தது வெட்கம்" என்றேன். ஆம், ஆண்டவரிடம் அப்படித்தான் கோபித்துக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கண்ணீரும் வருகிறது. பதில் கையில் வந்துவிட்டது, நான்தான் அதைப் பார்க்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

புதுத் தராசு வரச் சில மாதமாகும் என்றார் மேனேஜர். அதுவரை ஒரு கொக்கித் தராசு தந்தார். வட்ட முகம், உள்ளே ஒரு முள், கீழே ஒரு கொக்கி. அதைத் தொங்கவிட உறுதியான கிளை வேண்டும். கொட்டகைப் பக்கம் வெறும் சில்வர் ஓக் மரங்கள், காற்றடித்தாலே கிளை முறியும். கன்னியம்மாள் சொன்னாள்: "மேல்காட்டுல பலாமரம் இருக்குதுங்க தொரை. ரைட்டரு அங்க வந்து எடை போடட்டும். எங்க கழுத்துக்கும் ஒரு பருவம் ஓய்வு." மூட்டைகளை மேலேயே டிராக்டர் ஏற்றிக்கொள்ளட்டும் என்று மேனேஜரும் முடிவு செய்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் மேல்காட்டுக்குப் போய்ச் சேரப் பதினான்கு இடத்தில் நின்றேன். கன்னியம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"எதுக்குங்க நிமுந்து நிமுந்து பாக்கறீங்க?"

"இன்னும் எவ்வளவு தூரம்னு பாக்கறேன் அக்கா."

"மலைய யாரு பாக்கச் சொன்னா உங்கள? அந்தக் காப்பிச் செடியப் பாருங்க. அதுவரைக்கும் வாங்க. அப்புறமேலு நின்னுக்கலாம், அதுக்கு அடுத்த செடி எங்கயும் ஓடிப் போயிராது."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு அன்று வேண்டியிருந்தது இதுதான்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு இறங்க முடியாது. இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே. பெண்களோடு உட்கார்ந்து ராகிக் களியும் கீரையும் சாப்பிட்டேன். ஒரு உருண்டைதான் கிடைக்கும். இன்னொன்று கேட்டால் யாரோ ஒருத்தி பட்டினி. வீட்டில் மூன்று முறை சோறு வாங்கியவன் அங்கே வாயை மூடிக்கொண்டேன். பதினான்கு இடம் பத்தாயிற்று, பத்து நான்காயிற்று. பறிப்பு முடிந்தும், களையெடுக்க வந்த ஆட்களின் வருகையைக் குறித்துப் பேர் போட நானாகவே மேலே போனேன். சில மாதம் என்ற புதுத் தராசு இரண்டு பருவம் கழித்துத்தான் வந்தது. அந்தத் தாமதத்துக்கும் நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் கொக்கித் தராசில் என்னை எடை போடவே வழியில்லை. அது நூறு கிலோவுக்கு மேல் காட்டாது. அடுத்த மார்கழியில் ஒருநாள் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். காப்பிச் சாக்கில் ஊஞ்சல் மாதிரி கட்டி, கொக்கியில் மாட்டி, "ஏறுங்க ரைட்டருங்களே, வெக்கமென்ன" என்று உட்கார வைத்தார்கள். கிளை முனகியது. கால் தரையை விட்டது. முள் ஓடியது, ஆடியது, நின்றது.

"தொண்ணூத்தெட்டு" என்று வாசித்தாள் கன்னியம்மாள். பிறகு முகத்தை என்னைப் போலவே கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "சாக்குக்கும் ஈரத்துக்கும் ஒரு கிலோ கழிச்சு, தொண்ணூத்தேழுன்னு எழுதிக்கறேனுங்க" என்றாள்.

அந்த மலையில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நான் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே அழுதேன்.

எண்பத்தொன்றாம் வருஷம் பங்குனி. எழுபத்து நான்கு கிலோ. பழைய சட்டையை எஸ்தர் இரண்டாக வெட்டித் தலையணை உறை தைத்திருந்தாள். விடிந்ததும் கிளம்பினோம். உச்சியில் உள்ள தன் சாமியைக் கும்பிட வேண்டும் என்று கன்னியம்மாளும் கூட வந்தாள். காப்பிப் பூ பூத்திருந்த சமயம், வழியெல்லாம் மல்லிகை மாதிரி வாசனை. அந்தக் கல் வந்தது. நான் பார்க்காத மாதிரி தாண்டப் போனேன். எஸ்தர் அதில் உட்கார்ந்துவிட்டாள்.

"கால் வலிக்குதா?"

"இல்லீங்க. இன்னைக்கு நான் உக்காந்துக்கறேன். நீங்க நில்லுங்க."

நின்றேன். கன்னியம்மாள் வெற்றிலை மென்றுகொண்டே, "நேரமாகுது, இந்தக் கல்ல ஊட்டுக்கே தூக்கிட்டுப் போயிருங்க" என்றாள்.

பாதிக்கு மேல் என் தொடை நடுங்கியது. ஒரு செடி, அடுத்த செடி என்று போனேன். செடி இல்லாத இடத்தில் ஒரு புதர், ஒரு பாறை. மத்தியானத்துக்குள் உச்சியில் நின்றோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை எங்களுக்குக் கீழே இருந்தது. காற்று சட்டையைப் பிடுங்கியது. கன்னியம்மாள் தன் கோயிலுக்குப் போனாள். நாங்கள் புல்வெளி ஓரத்தில் முழங்காலிட்டோம். முழங்காலிட்ட பின் யாரும் தூக்கிவிடாமல் எழுந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"பொருத்தனை தீந்துச்சு. உன்னப் பொழைக்க வெச்சதுக்கு நன்றி சொல்லியாச்சு" என்றேன்.

எஸ்தர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "உங்ககிட்டப் பாதிதானுங்க சொன்னேன்" என்றாள். "கம்பளியில இருந்து திரும்பிப் பாத்தேன். அந்தக் கல்லுல உக்காந்திருந்தீங்க. பச்சப்புள்ளயத் தனியா உட்டுட்டுப் போற மாதிரி இருந்துச்சு. நான் பொழைக்கோணும்னு மொதல்ல எனக்கு வேண்டவே தோணலீங்க. இந்த மனுசன எந்திரிச்சு நடக்க வையி ஆண்டவரேன்னுதான் கேட்டேன். அதப் பாக்கறதுக்குத்தான் என்னையும் வெச்சிருந்தாரு போல."

என் ஜெபத்துக்குப் பதில் வந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சாகக் கிடந்தவள் எனக்காகக் கேட்டிருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

பன்னிரண்டு வருஷம் அப்படியே வருஷாவருஷம் ஏறினோம். எஸ்தர் கர்த்தரிடம் போய் இப்போது நான்கு வருஷமாகிறது. கன்னியம்மாள் மகளோடு மாரமங்கலத்தில் இருக்கிறாள். பஸ்ஸில் போய்ப் பார்த்தால், "எறங்குன எடை மறுபடி ஏறிருச்சுங்களா, தராசுல போட்டுப் பாக்கட்டுங்களா" என்று முதலில் என் வயிற்றைத்தான் பார்ப்பாள். நான் இப்போது ராகிக் களிக்குப் பழகியவன். எதற்கு ஜெபித்தாலும் பதில் எந்த உருவத்தில் வரும் என்று ஆண்டவருக்குச் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

உங்களில் யாராவது இன்று அப்படி நடுவழியில் உட்கார்ந்திருக்கலாம். கேட்டது கிடைக்கவில்லை, இருந்ததும் உடைந்தது என்று நினைக்கலாம். என்னையே சாட்சியாக வைத்துச் சொல்கிறேன், கேட்பதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்காக யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியாது.

பங்குனியில் நான் இன்னும் ஏறுகிறேன். அந்தக் கல் அதே இடத்தில்தான் கிடக்கிறது. அதன் ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்வேன், பக்கத்தில் இடம் விட்டு. பிறகு எழுந்துவிடுவேன். ஏற முடியாது என்று நினைப்பவர்கள் யாராவது இருந்தால் ஒருநாள் என்னோடு வாருங்கள். முதல் செடிவரைக்கும் வந்தால் போதும்.