தின்னரில் குளித்த கிட்டார்

கோபம் வந்தால் நிஷாந்திக்கு வாய் நிற்காது. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், அது எல்லோருக்கும் தெரியும். ஆயுத பூசையன்று மட்டும் அவள் வாயையே திறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் புருஷன் பிரதாப் பயந்துபோனான்.

சாமிப் படத்துக்கு முன்னால் அவனுடைய ஸ்பேனர்கள், சுத்தியல், பக்கத்தில் அவளுடைய கிட்டார். தேயிலை பெக்டரியில் மெஷினைத் துடைக்கிற பழக்கத்தில், வேஸ்ட் துணியைப் பெயின்ட் கரைக்கிற தின்னரில் முக்கிக் கிட்டாரை அழுத்தித் துடைத்திருந்தான். கம்பியெல்லாம் தேங்காயெண்ணெய். மேலே விபூதி, சந்தனம், குங்குமம். வார்னிஷ் இளகி, துணியின் நூல் அதில் அப்பிக் கிடந்தது.

மறுநாள் நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் அவள் வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் மாதச் சம்பளத்துக்கு வேலை. பதினொரு வருஷம் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தவளுக்கு, வாசிப்பதற்கென்றே வந்த முதல் வேலை.

"ஏதாச்சும் பேசு புள்ள. நல்லதுக்குத்தான செஞ்சேன்" என்றான்.

"தொடாதீங்க!" லயமே திரும்பிப் பார்த்தது. "காஞ்ச மெத்துன்னு இருக்குற துணி போதும் இதுக்கு. அழுக்குப் போகலன்னா வாயால ஊதித் தொடைக்கணும். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினாள். மரத்தில் வழிந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தாள். தலவாக்கலை டவுனுக்கு ஓடி, ஜமால்தீனின் இசைக்கருவிக் கடையில் புதுக் கம்பி வாங்கி வந்து மாட்டினாள். இளகிய இடத்தில் கை வைக்கவில்லை, வைத்தால் இன்னும் உரியும். வேலை செய்யச் செய்யக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம். கிட்டாரையும் பூசையில் வையுங்கள் என்று வருஷா வருஷம் கேட்டாள். "அது என்னா ஆயுதமா? வெளையாட்டுச் சாமான்" என்று சிரித்தவன் இதே பிரதாப்தான்.

மறுநாள் அதையே வாசித்துக் காட்டினாள், வேலை கிடைத்துவிட்டது. "நான் பூசையில வச்ச நேரம்" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தான் அவன். நிஷாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூல் ஒட்டி இறுகிப்போன கிட்டாரை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சம்பளம்னு காதுல விழுந்த பொறகுதான் ஒங்களுக்கு இது ஆயுதமா தெரிஞ்சிச்சு. எப்பிடித் தொடைக்கிறதுன்னு அப்பவும் என்கிட்ட கேக்கத் தோணல."



அடுத்த ஆயுத பூசைக்கு ஸ்பேனர்களை அடுக்கிவிட்டு, "கிட்டார் எங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். விடியும்போதே அவள் அதைத் துடைத்துப் பையில் போட்டு முதுகில் மாட்டியிருந்தாள்.

"வேலைக்குப் போகுது" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.