பட்டை எடுத்த பிறகு வந்த பசி

ஆசிரியர் அறையில் மதியச் சாப்பாட்டின்போதுதான் முதலில் தெரிந்தது. நன்றாக மென்று விழுங்கிய இட்லி நெஞ்சிலேயே நின்றது. தண்ணீர் குடித்தேன். அதுவும் இறங்காமல் அப்படியே வெளியே வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், உடல் எடை குறைய எனக்கு இரைப்பைப் பட்டை (இரைப்பையின் மேற்பகுதியை இறுக்கிச் சுற்றும் சிலிக்கோன் வளையம்) பொருத்தியிருந்தார்கள். நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். எடை இறங்கியது. முழங்கால் வலி விட்டு, குவார்ட்டர்ஸிலிருந்து பள்ளிக்கு மறுபடியும் சைக்கிளில் போனேன். அதனால் வாந்தி வந்தபோதெல்லாம் அவசரமாகத் தின்றுவிட்டேன் என்று என்னையே குறை சொல்லிக்கொண்டேன். பட்டை பொருத்திக்கொண்ட உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போன அன்று, சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் மைன்ஸ் உடுப்போடே என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள்.

பட்டை நழுவி, இரைப்பை அதற்கு மேலே பிதுங்கிவிட்டதாம். உடனே எடுக்க வேண்டும், எடுக்கும்போது இரைப்பை கிழியவும் கூடும் என்றார் மருத்துவர். கணவர் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்துவிட்டார்.

அறுவை முடிந்து நான் கண் விழித்தபின் மருத்துவர் வந்தார்.

“உங்க இரைப்பை அந்தப் பட்டை மேல தானாவே ஒரு உறை வளர்த்து வெச்சிருந்துச்சும்மா. அதை வெட்டித்தான் எடுத்தோம்.”

அவர் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வெளியிலிருந்து வந்த ஒரு பொருளை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் உடல் தன்னுடையதாகப் போர்த்தி வைத்திருக்கிறது. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் நான் திட்டிய உடல்.

மறுநாள் கசிவுச் சோதனை. சாயநீரை (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) நின்றபடியே குடிக்கச் சொன்னார்கள். திரையில், என் விலா எலும்புகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. பட்டை இருந்த இடத்தில் தயங்கியது. பிறகு மெல்ல வழிவிட்டு, வயிற்றுக்குள் விரிந்து பரவியது. கசிவு இல்லை என்றார்கள். இன்னொரு வாய் குடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

வீடு திரும்பியதும் கணவரின் தங்கை வசந்தா திருவதிகையிலிருந்து வந்து என்னைப் பார்த்துக்கொண்டாள். முதலில் கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த சோறு. ஒரு காலை வயிற்றின் அடியில் ஏதோ பிசைந்தது. தையல் விட்டுவிட்டதோ என்று பயந்து அவளைக் கூப்பிட்டேன். எங்கே, எப்படி என்று விசாரித்தவள் என் வயிற்றின் மேல் கை வைத்தாள்.

“வலியில்லீங்க அண்ணி. பசிக்குது உங்களுக்கு.”

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அடுத்த கணமே பயம் வந்தது. மறுபடி குண்டாகிவிடுவேனே என்றேன்.

“அண்ணன் பத்து நாளா அழுதுகினு இருந்துச்சு. பசி வந்துச்சேன்னு நானு சந்தோஷப்பட்டுகினு இருக்கேன், நீங்க பயப்படுறீங்களே” என்று சொல்லிக் கஞ்சியைக் கொண்டுவந்தாள். முழு டம்ளரும் சத்தமில்லாமல் இறங்கியது. இருவரும் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறங்கிய எடையில் பாதி திரும்பி வந்துவிட்டது. சில நாள் முழங்கால் வலிக்கிறது. அளவறிந்து சாப்பிட இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். பட்டையை எடுத்தது தோல்வியா என்று கேட்பவர்களும் உண்டு.

முன்பெல்லாம் மணி அடித்தால்தான் எனக்கு மதியம். இப்போது அதற்கு வெகுநேரம் முன்பே, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, வயிற்றுக்குள் அந்தப் பசி மெல்ல எழும். சாக்பீஸைப் பிடித்தபடி கரும்பலகையின் முன் சற்று நின்றுவிடுவேன். அடுத்த வரியை யோசிக்கிறேன் என்று நினைத்துப் பிள்ளைகள் அமைதியாகக் காத்திருப்பார்கள்.