4417-ஆம் நம்பர் ஊழியர்

என் வீட்டுக்காரருக்குப் பல்கலைக்கழகத்தில் ‘அரக்கு’ என்று பெயர். தேர்வுப் பிரிவில் வேலை. விடைத்தாள் கட்டுகளுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைப்பது பத்தொன்பது வருடமாக அவர் பொறுப்பு. அதில் கொஞ்சத்தைத் தன் வாயிலும் ஊற்றிக்கொண்டார் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்களாம். அவர்களுக்கு அது கேலி. கட்டிக்கொண்ட எனக்கல்லவா தெரியும் அது எவ்வளவு உண்மை என்று.

கேள்வித்தாள் அச்சாகும் மாதங்களில் செல்போனைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ரகசியம் காப்பதுதான் அந்த வேலையே, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மனுஷன் பஸ்ஸில் மணிபர்ஸைத் தொலைத்ததையுமா மூன்று மாதம் கழித்துச் சொல்வது? “அதான் போயிடுச்சே, சொல்லி என்ன ஆகப்போகுது?” என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இப்படிப்பட்ட கல்லுளிமங்கனோடுதான் பதினேழு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

போன வருடம் அவர் மெலிய ஆரம்பித்தார். “நடந்தே ஆபீஸ் போறேன், உடம்புக்கு நல்லது” என்றார். எனக்கு ஏக சந்தோஷம். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவள். அவருடைய பேண்ட் எல்லாவற்றையும் இடுப்பில் ஒரு இஞ்ச் பிடித்தேன். நாலு மாதம் கழித்து இன்னொரு இஞ்ச். “மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க” என்று கிண்டல் வேறு. அவரும் சிரித்தார்.

நடந்தது வேறு. தபால் பிரிவில் அவருக்கு ஒரு நண்பர். அந்த நண்பர் தன் மனைவிக்குப் பெரிய ஆபரேஷன் என்று ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினார். சங்கக் கடனுக்கு இரண்டு ஊழியர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே அது டீ வாங்கிக் கொடுப்பது மாதிரி. இன்று நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு, யாரும் படித்துப் பார்த்துப் போடுவதில்லை. இவரும் போட்டார். அந்த அம்மா பிழைக்கவில்லை. நண்பர் ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. ஜாமீன் போட்ட இன்னொருவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார். சங்கத்துக்காரர்கள் இவருடைய சம்பளத்தில் பாதியைப் பிடிக்கத் தொடங்கினார்கள்.

எட்டு மாதம். வீட்டுச் செலவுக்கு என்னிடம் தரும் தொகையில் ஒரு காசு குறையவில்லை. தன் சேமிப்பைக் கரைத்தார். அது தீர்ந்ததும் பஸ்ஸை விட்டார், கேன்டீன் சாப்பாட்டை விட்டார். தூக்கமும் தானாக விட்டுப்போனது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், உருகிய அரக்கை விடைத்தாள் கட்டின் மேல் ஊற்றாமல் தன் கட்டைவிரலில் ஊற்றிக்கொண்டார். என்னிடம், “கதவுல நசுங்கிடுச்சு” என்றார். நானும் நம்பி மருந்து போட்டேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். வேலையை ராஜினாமா செய்தால் மொத்தமாக ஒரு தொகை வரும், கடனை அடைத்துவிடலாம். இன்னும் ஒரு வருடம் இருந்தால் பென்ஷன் உண்டு, இப்போது போனால் கிடையாது. அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. மாதக் கடைசியில் கொடுப்பதென்று கடிதம்கூட டைப் அடித்து வைத்துவிட்டார். எங்கள் மகள் அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பு.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்தில் ஊழியர் உதவி அறை என்று ஒன்று திறந்தார்கள். பணக் கஷ்டமோ மனக் கஷ்டமோ, வந்து பேசலாம் என்று ஒரு ஆலோசகர் அம்மாவைப் போட்டார்கள். ஒருத்தரும் போகவில்லை. போனால் பத்து நிமிஷத்தில் கேன்டீன் வரைக்கும் செய்தி பரவிவிடுமே! அந்த அம்மா சளைக்கவில்லை. நூலகச் சுவரில் ஒரு பெட்டி மாட்டி, ‘பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள்’ என்றார்.

இவர் எழுதினார். எப்படி? ஆபீஸ் வழக்கப்படி ‘அனுப்புநர்’ என்று ஆரம்பித்து, பெயர், பதவி, பிரிவு எல்லாம் போட்டு, கீழே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தில் எழுதியதில் பத்தில் ஒரு பங்கு என்னிடம் பேசியிருந்தால் நான் கோயில் கட்டியிருப்பேன். எழுதி முடித்த பிறகுதான் பெயர் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. தாளின் மேல்பகுதியைக் கிழித்தார். பிறகு அவர் கை பழக்கதோஷத்தில் தன் வேலையைச் செய்தது.

விடைத்தாள் வந்தால் மாணவன் பெயர் உள்ள மேல்துண்டைக் கிழித்துவிட்டு, துண்டிலும் தாளிலும் ஒரே டம்மி நம்பரை மெஷினால் குத்துவார்கள். திருத்துகிறவருக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். கடைசியில் நம்பரோடு நம்பரைச் சேர்த்துப் பெயரைக் கண்டுபிடிப்பார்கள். லட்சம் தாளுக்கு அப்படிக் குத்திய கை அது. தன் கடிதத்திலும் ஒரு குத்து, பெயர்த் துண்டிலும் ஒரு குத்து. 4417. துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நூலக நோட்டீஸ் போர்டில் ஒரு தாள்.

‘4417-க்கு: உங்களிடம் பிடிக்கும் தொகை விதிக்கு மீறியது என்று தோன்றுகிறது. சம்பளச் சீட்டுகளைப் பெட்டியில் போடுங்கள். அதுவரை எந்தக் கடிதமும் கொடுக்க வேண்டாம்.’

அதைப் பார்த்த பிறகுதான் இவருக்கு உறைத்தது. பெயரை எடுத்துவிட்டு நம்பர் குத்துகிற பழக்கம் பல்கலைக்கழகத்திலேயே தேர்வுப் பிரிவுக்கு மட்டும்தான் உண்டு. அங்கே இருப்பதோ ஐந்து பேர்.

“நம்மள்ல யாருப்பா அந்த 4417?” என்று சூப்பிரண்டு கேட்டாராம்.

“அரக்கு சாரைத் தவிர யாரா வேணா இருக்கலாம்” என்றாராம் ஒருவர். “அவரு எழுதிக்கூடச் சொல்ல மாட்டாரே!”

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

எட்டு சம்பளச் சீட்டையும் போட்டார். சும்மா இல்லை. எட்டிலும் பெயரை வெட்டி எடுத்து, எட்டிலும் 4417 குத்தி! ஆலோசகர் அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. மறு வாரம் போர்டில் அடுத்த தாள்.

‘4417-க்கு: இந்தப் பிடித்தத்தை நிறுத்த முடியும். அதற்குப் பெயர் வேண்டும். கிழித்த துண்டு உங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். நீங்களாகத் தரும்வரை காத்திருக்கிறேன்.’

மாதம் முடிய நாலு நாள். மூன்று நாள் உதவி அறை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். நாலாம் நாள் ஒரு பையில் ராஜினாமா கடிதம், ஒரு பையில் அந்தத் துண்டு. பதிவாளர் அறை மாடியில், உதவி அறை கீழே. படிக்கட்டில் ஒரு கால் வைத்துவிட்டாராம். மேலே ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

கீழே இறங்கினார். உள்ளே போய்த் துண்டை மேஜையில் வைத்தார். அந்த அம்மா கடிதத்தை எடுத்துக் கிழித்த ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தார்.

“உக்காருங்க சார்” என்றார். “உங்களுக்காகத்தான் ரெண்டு வாரமா விதிப் புத்தகம் படிச்சிட்டிருக்கேன்.”

விதி இதுதான்: கடன் வாங்கியவருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டிய பணத்தில்தான் முதலில் கை வைக்க வேண்டும். அது போதாவிட்டால்தான் ஜாமீன்தாரர். அந்த நண்பருக்கு வர வேண்டியது கடனைவிட அதிகமாகவே இருந்தது. அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது சங்கத்துக்குச் சிரமம், இவர் சம்பளம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்! அடுத்த மாதமே பிடித்தம் நின்றது. பிடித்த பணமும் இரண்டு தவணையில் திரும்பி வந்தது. நண்பரையும் தேடினார்கள். அக்கா வீட்டில் ஒரு அறைக்குள்ளேயே அடைந்து கிடந்திருக்கிறார் பாவம். இப்போது அவரும் வாரம் ஒருமுறை ஆலோசகர் அம்மாவிடம் வந்து பேசிவிட்டுப் போகிறார்.

“வீட்ல யாருக்குத் தெரியும் சார்?” என்று அன்றைக்கு அந்த அம்மா கேட்டாராம்.

“யாருக்கும் தெரியாது.”

“அப்ப என்னால முடிஞ்சது பாதிதான். மீதிய நீங்க போய் முடிங்க. இன்னிக்கே.”

அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்கு வந்து நின்றார். நான் மெஷினில் இருந்தேன். எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மடியில் அவருடைய பேண்ட். மூன்றாவது தடவையாக இடுப்புப் பிடிக்க எடுத்து வைத்திருந்தேன். இத்தனை மாதமாக இந்த மனுஷனின் பசியை டேப் வைத்து அளந்து, அழகாக மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன், கிண்டலும் பண்ணிக்கொண்டு.

“ஏங்க சொல்லல?” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

“நீ பயந்துடுவியேன்னுதான்…”

“பயப்படறேன்! பயந்தா என்ன இப்ப? உங்களுக்காகப் பயப்படறதுக்குக்கூட எனக்கு உரிமை இல்லையா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஸ்டூலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் திட்டினேன், ஆனால் சத்தம் குறைந்துவிட்டது.

“போய்ப் படுங்க” என்றேன். போய்ப் பாயில் விழுந்தவர் அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டார். மெஷினை மூடிவிட்டு, சும்மா ஐந்து நிமிஷம் என்று நானும் பக்கத்தில் சாய்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அரை மணி நேரம் காலிங் பெல் அடித்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை.