கார் பார்க்கிங்கில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் தெருவைத் தோண்டியவர்கள் கேபிள் ஒயரையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள். காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்ஸ் முழுக்க டிவியில் ஒரு சேனலும் வரவில்லை. ஆறாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு உலகமே நின்றுபோன மாதிரி இருந்தது. அப்போதுதான் இரண்டாம் மாடி ஜெனி ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய மாமா கரையான்சாவடியில் நடத்திய டிவிடி கடையை மூடியிருந்தார். புதுப்படங்களை ஆளுக்கு ஆள் அள்ளிக்கொண்டு போக, ஒருவரும் சீந்தாத கறுப்பு வெள்ளைப் படங்கள் அவள் பங்குக்கு வந்திருந்தன.

நான், ஜெனி, எதிர்வீட்டு வசந்த் மூவருமே அப்படி ஒரு படத்தை முழுதாகப் பார்த்ததில்லை. சிரிப்பதற்காகவே முதல் படத்தைப் போட்டோம். கதாநாயகன் அழுதபோது வசந்த் சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தான். இரண்டு மூன்று படங்கள் போனதும் சிரிப்பு குறைந்தது. பிறகு ஒரு படம் எங்களைச் சண்டை போட வைத்தது.

அதில் யாரோ சொன்ன பொய்யை நம்பி, கொட்டும் மழையில் மனைவியை வெளியே துரத்திவிடுகிறான் கணவன். அவள் வேறு ஊருக்குப் போய் டீச்சராகிறாள். கடைசியில் அவன் வந்து மன்னிப்புக் கேட்கிறான். அவள் வெகுநேரம் அவனைப் பார்த்துவிட்டு அவனோடு வண்டியில் ஏறிவிடுகிறாள்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஜெனிக்கு அவள் செய்தது சரி.

“மன்னிப்பு கேட்டுகினு வாசல்ல வந்து நிக்கிறான். இன்னும் இன்னா பண்ணணும்ன்ற?”

“மழையில தொரத்துனப்ப அந்த வாய் எங்க போச்சு?” என்றேன் நான்.

வசந்த் காலையில் என் கட்சியிலும் மாலையில் ஜெனியின் கட்சியிலும் இருந்தான். மாடிப்படியில், லிஃப்டில், பால் வாங்கப் போகும் வழியில் என்று ஒரு வாரம் இதே பேச்சு. ஃபிளாட்ஸ் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் பிள்ளைகள் புதுப்பாட்டுக்கு டான்ஸ் ஆடுவார்கள். எங்கள் சண்டையை மேடையிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று வசந்த் கேட்டான். மூவரும் செக்ரட்டரி அங்கிளிடம் போனோம். சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“பழைய படத்தப் பத்தி பட்டிமன்றமா? எவன் உக்காந்து கேப்பான்? போய் டான்ஸ் ஆடுங்க.”

நான் திரும்பிவிட்டேன். ஜெனி நகரவில்லை. “ஒரு தபா படத்தப் போட்டுக் காட்டறோம் அங்கிள். ஜனங்க எந்திரிச்சிப் போய்ட்டாங்கன்னா டான்ஸே ஆடறோம்.”

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கார் பார்க்கிங்கில் ஒரு வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டினோம். அப்பா ஆபீஸிலிருந்து புரொஜக்டர் கொண்டுவந்தார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். கல்லூரி அண்ணன்கள் சத்தமாகவே கேலி செய்தார்கள். மழைக் காட்சி வந்தபோது பின்வரிசையில் ஒரு அண்ணன் மட்டும் சிரித்தான். “சும்மா இர்றா” என்று அவன் பக்கத்தில் இருந்தவனே அவனை அடக்கினான். அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கணவன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது.

அவ்வளவுதான், எல்லாரும் மேலே போய்விடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் போவாள் என்று முன்வரிசையும் போகமாட்டாள் என்று பின்வரிசையும் இருட்டிலேயே வாதாடத் தொடங்கின. செக்ரட்டரி அங்கிள் எங்களிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“போறாளா, இல்லயா?”

“சொல்ல மாட்டோம் அங்கிள்” என்றான் வசந்த்.

லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டுமே ஓடும் ஜெனரேட்டரிலிருந்து அவரே போய் புரொஜக்டருக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தார். அவள் வண்டி ஏறியதும் பார்க்கிங்கே இரண்டாகப் பிரிந்து இரைந்தது. நாங்கள் மூவரும் கையைக் கோத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் குதித்தோம்.

மறுநாள் பட்டிமன்றத்துக்கு வசந்த் நடுவர். ஜெனி நன்றாகத்தான் பேசினாள். ஆனால் நான், “மழையில நனைஞ்ச துணி காஞ்சிடும், நனைஞ்ச மனசு காயுமா?” என்று கேட்டபோது எழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் காடு மாதிரி கைகள். ஜெனியே ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஜெனிக்காக எழுந்த சில கைகளில் ஒன்று அம்மாவுடையது. அப்பா எந்தப் பக்கமும் கை தூக்காமல், மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். “ஏம்மா எனக்கு கை தூக்கல?”

“நீதான் நல்லாப் பேசுன. ஆனா அவ இடுப்புல ஒரு பிள்ள இருந்துச்சே. வண்டியில ஏறுனதும் அப்பன் மீசையப் புடிச்சு இழுத்துச்சு. அதப் பத்தி நீங்க யாருமே பேசலயே.”

“அதுக்கு வசனமே இல்லயேம்மா.”

அம்மா சிரித்தாள். “அதுக்குப் பேச்சு வர்ற வயசா அது?”

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா ஒரு சண்டையில் என்னைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் போய்விட்டதையும், அப்பா வந்து வாசலில் நின்றதையும், அம்மா திரும்பி வந்ததையும் சித்தி எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் ஜெயித்துவிட்டேன் என்பதுதான். அடுத்த வருடமும் ஜெயிக்க, அந்தக் குழந்தைக்கு ஒரு பதில் தயார் செய்துகொண்டால் போதும் என்று எண்ணியபடி இன்னொரு தோசை கேட்டேன்.